பிடி அரிசிப் பானை

எங்கள் பாட்டி உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பக்கத்துப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அந்த அரிசி யார் வீட்டுக்காவது போகும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பினார். வினோபா பாவேயின் சர்வோதய பாத்திரமும் ஏறக்குறைய இதேதான். அதில் பிடி போட வேண்டியது வீட்டுக் குழந்தையின் கை. இந்தப் பழக்கத்தை மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

முதலில் பாத்திரம். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு போதும். அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நான் பூஜை அலமாரியில் வைத்தேன். நான்காம் நாளே மறந்துபோனது.

அடுத்து, எடுக்கும் நேரம். இன்றைய சமையலுக்கு அளந்தபின், களைவதற்குமுன். மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் அது தானக் கணக்கு, அவ்வளவுதான். அளந்ததிலிருந்து எடுத்தால் நம் சோற்றில் ஒரு பிடி குறைகிறது. அது கைக்குத் தெரியும். எடுக்கும்போது இந்தச் சோற்றுக்குக் கை கொடுத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை மூன்று மாடி தோளில் ஏற்றியவர், களை பறித்தவர், அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியில் நிற்பவர். ஒரு நாளைக்கு ஒருவர் போதும். 'எல்லோருக்கும் நன்றி' என்று மொத்தமாகச் சொன்னால் யாரும் மனதில் நிற்பதில்லை.

என் பிடியைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 50 கிராம். முப்பது நாளில் ஒன்றரை கிலோ. பத்து வீடு சேர்ந்தால் 15 கிலோ.

பத்து வீடு சேரும்போதுதான் சிக்கல். ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி, மூன்றாவதில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். வாங்கியவர் என்ன செய்வார்? ரகவாரியாகப் பிரித்துக் கட்டுங்கள். வண்டு வராமலிருக்க நன்கு காய்ந்த வேப்பிலையும் நாலு வரமிளகாயும் போட்டால் போதும். இரண்டு மாதத்துக்குமேல் தேக்கி வைக்க வேண்டாம்.

யாருக்குக் கொடுப்பது? இதில்தான் நான் நன்றாகச் சறுக்கினேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் முதல் மாத அரிசியைப் பெருமையோடு நீட்டினேன். பையைத் திறந்து பார்த்தார். "அரிசிதான் ரேஷன்ல வருதே கண்ணு. எண்ணெய்க்குத்தான் முடியல" என்றார். உண்மைதானே. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அதன்பின் முறையை மாற்றினேன். மாதக் கடைசியில் தூக்கை நிறுப்பேன். அரிசி எங்கள் டப்பாவுக்கே திரும்பும். அதன் விலை உறைக்குள் போகும். கிலோ 60 ரூபாய் என்றால் 90 ரூபாய். அதில் ஒரு சிறிய பாக்கெட் எண்ணெயும் ஒரு சோப்பும் வரும். நாலு வீடு சேர்ந்தால் பருப்பும் சேரும்; தயங்காமல் சொல்ல முடிகிற வீடுகளில் மாதவிடாய் நாப்கினும் கேட்பார்கள். சிலர் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பானை நமக்கு நினைவூட்ட, எண்ணெய் அவருக்குச் சமைக்க.

அரிசி அரிசியாகவே போக வேண்டுமென்றால் மொத்தமாகச் சமைக்கும் இடம் தேடுங்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. அங்கும் ஒரே ரகமாகக் கொடுப்பதுதான் சமையல்காரருக்குச் செய்யும் உதவி. ரேஷன் அட்டை இல்லாமல் வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்கிக் கட்டட வேலைக்குப் போகும் வெளிமாநிலத்தவருக்கும் அரிசி உதவும். அடுப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் தேதியை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஐந்தாம் தேதி. வாங்குபவர்கள் அதை நம்பிக் கணக்குப் போடுவார்கள். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். படம் எடுக்காதீர்கள். வரிசையில் நிற்க வைக்காதீர்கள். டீ கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். இஸ்திரி அம்மா போன மாதம் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தார். வேண்டாம் என்று வாயெடுத்த என்னைத் தடுத்தவர், உடன் வந்த என் மாமா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாழ்க்கையில் பிடிப்பே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது நாலாம் தேதியே மளிகைக் கடையில் எண்ணெய் விலையைப் பேரம் பேசுகிறார். எந்த வீட்டில் எந்தச் சோப்பு என்பது அவருக்கு மனப்பாடம்.

வெளியூர் போன நாட்களுக்குச் சேர்த்துவைத்துப் போட வேண்டாம். உலை வைக்காத நாளில் பிடியும் இல்லை. திரும்பி வந்து முதல் முறை அரிசி அளக்கும்போது தொடருங்கள்.