பழைய லாரியின் எஞ்சினை மாற்றும் முன்

துடியலூரில் பழைய லாரிக்கு வேறு எஞ்சின் பொருத்த எண்ணும் உரிமையாளர், பட்டறைக்குச் செல்லும் முன்பே கோவை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறுவது முறையாகும். ஏனெனில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத் தடை செய்கிறது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எஞ்சின் எதுவானாலும், மேட்டில் இழுவை வேண்டி டீசல் பம்பின் அளவைக் கூட்டி வைப்பது பெருந்தவறு. முழுதும் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறி ஊரார் நுரையீரலைக் கெடுக்கிறது. புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் காட்டும் புகையடர்த்தி, பாரத் ஸ்டேஜ் 4 எனும் மாசு விதிமுறைக்கு முந்தைய டீசல் வண்டிகளில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டலாகாது. அவற்றின் புகைச் சான்றிதழ் 6 மாதமே செல்லும்.