கொடுக்கப் போனவர்கள், வாங்கி வந்தவர்கள்

(வேதபாடம்: ரோமர் 1:11, 12, ரோமர் 15:25-27, அப்போஸ்தலர் 20:4)



ஒரு சபையிலிருந்து பத்துப் பேர், பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, கடல் கடந்து வேறு தேசத்திலுள்ள சபைகளைப் பார்த்துவிட்டு வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நல்ல காரியம்தான், அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் புறப்படுவதற்கு முன்னே நடக்கிற ஆயத்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்தால் ஒரே கேள்விதான் காதில் விழும். "நாம அவங்களுக்கு என்ன கொண்டுபோகலாம்?" துணிமணி, மருந்து, ஒரு கிட்டார், பிள்ளைகளுக்கு மிட்டாய், மூன்று செய்திகள், ஒரு நாடகம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். "அவங்ககிட்டே இருந்து நாம என்ன வாங்கிட்டு வரப்போறோம்?" என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதுகிறதைப் பாருங்கள். அந்தச் சபையை அவர் ஸ்தாபிக்கவில்லை, அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. 11-ம் வசனத்தில், ஆவிக்குரிய வரம் ஒன்றை உங்களுக்குக் கொடுக்க வாஞ்சையாயிருக்கிறேன் என்கிறார். பேனாவை எடுத்த கையோடு அடுத்த வசனத்தில் தம் பேச்சைத் தாமே விரித்துச் சொல்லுகிறார்: உங்கள் விசுவாசத்தால் எனக்கு ஆறுதல், என் விசுவாசத்தால் உங்களுக்கு ஆறுதல். இத்தனை சபைகளை நாட்டின அப்போஸ்தலன், முகம் தெரியாத விசுவாசிகளிடம் தமக்கும் ஏதோ கிடைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார்!

இந்த இரண்டு வசனங்களுக்கும் சரித்திரத்தில் ஒரு விளக்கவுரை தேடினால் ஜான் வெஸ்லி செய்த இரண்டு பயணங்களைத்தான் காட்டுவேன். அப்போது மெதடிஸ்ட் என்று ஒரு சபையே கிடையாது. ஆக்ஸ்போர்டிலே ஒழுங்காய் ஜெபித்து, உபவாசித்து, சிறைச்சாலைகளுக்குப் போய்வந்த சில வாலிபர்களைக் கேலி பண்ணி வைத்த பெயர் அது.

முதல் பயணம் 1735-ல். வெஸ்லி, தம்பி சார்லஸ், பெஞ்சமின் இங்காம், சார்லஸ் டெலமாட் ஆகிய நாலு பேர் அக்டோபர் 14-ம் தேதி கப்பல் ஏறினார்கள். போன இடம் அமெரிக்காவில் இங்கிலாந்தின் குடியேற்றமாயிருந்த ஜார்ஜியா. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்பது வெஸ்லியின் வாஞ்சை. கொடுக்கப் போனவர்கள் இவர்கள். அதே கப்பலில் மொராவிய விசுவாசிகள் 26 பேர் இருந்தார்கள். ஜெர்மன் பேசுகிறவர்கள், ஏழைகள், அகதிகள். மற்ற பயணிகள் தொடமாட்டோம் என்ற வேலைகளையெல்லாம் அவர்கள் கூலி வாங்காமல் செய்ததை வெஸ்லி கவனித்தார். அவர்களோடு பேசுவதற்காகவே அக்டோபர் 17-ம் தேதி ஜெர்மன் மொழி படிக்க ஆரம்பித்துவிட்டார். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. மொராவியர் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே பெரிய அலை ஒன்று கப்பலை மூடிற்று. பிரதான பாய் கிழிந்து துண்டு துண்டாயிற்று, தளங்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டிற்று. ஆங்கிலேயர் அலறினார்கள். மொராவியர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்கள். பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் போய், பயமாயில்லையா, உங்கள் பெண்களும் பிள்ளைகளுமாவது பயப்படவில்லையா என்று விசாரித்தார். சாவுக்கு அவர்களும் பயப்படுகிறதில்லை என்று சாந்தமாய்ப் பதில் வந்தது. பிரசங்கம் பண்ணப் புறப்பட்ட போதகருக்கு நடுக்கடலில் பிரசங்கம் கிடைத்தது!

கரை சேர்ந்ததும் ஸ்பாங்கன்பர்க் என்ற மொராவிய ஊழியரிடம் ஆலோசனை கேட்டார். அவரோ வெஸ்லியைத் திருப்பிக் கேட்டார், உமக்கு இயேசு கிறிஸ்துவைத் தெரியுமா என்று. உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா? ஏதோ பதில் சொல்லிவிட்டார். ஆனால் அது வெறும் வார்த்தையோ என்று தமக்கே பயமாயிருந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஜார்ஜியா ஊழியம் சச்சரவிலும் வழக்கிலும் போய் முடிந்தது. 1737 டிசம்பரில் புறப்பட்டு ஊர் திரும்பினார். மற்றவர்களை மனந்திருப்பப் போனவன் நானே மனந்திரும்பவில்லையே என்ற அங்கலாய்ப்பு மட்டும் மிஞ்சினது. 1738 மே 24 இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அந்தப் பாரம் நீங்கிற்று. அது உங்களுக்குத் தெரிந்த சாட்சிதான், விரிக்கவில்லை.

அதற்கு அப்புறம் என்ன செய்தார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மூன்று வாரம்கூட முழுசாய் ஆகவில்லை, மறுபடியும் கடல் கடந்தார். இந்தமுறை கொடுக்க அல்ல, வாங்க. ஆங்கிலேயர் ஐந்து பேர், ஜெர்மானியர் மூன்று பேர், மொத்தம் எட்டுப் பேர் ஜெர்மனியிலிருந்த மொராவிய சபைகளைப் பார்க்கப் போனார்கள். ஜார்ஜியாவுக்குப் போன அதே இங்காமும் கூட இருந்தார். மரியன்பார்ன் என்ற இடத்தில் சின்சன்டார்ஃப் பிரபுவைக் கண்டார்கள். வழியிலே ஹாலே பட்டணத்தில் பிராங்கே ஐயர் ஸ்தாபித்த அநாதை இல்லத்தையும் பார்த்தார்கள்.

ஹாலே என்றதும் தமிழ் விசுவாசிகளாகிய நமக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்கு ஐயர் ஹாலேயில் படித்தவர். அவரும் புளுட்சோ ஐயரும் செய்த ஊழியத்தின் விவரம் இங்கிலாந்தில் அச்சாகி, வெஸ்லியின் தாயார் சூசன்னா கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து அந்த அம்மாள் அசைக்கப்பட்டார்கள். நம்மால் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்காவது செய்யலாமே என்று, ஒவ்வொரு பிள்ளையோடும் ஒவ்வொரு சாயங்காலம் தனியே உட்கார்ந்து ஆத்தும காரியங்களைப் பேச ஆரம்பித்தார்கள். 1712-ல் கணவருக்கு எழுதின கடிதத்தில் இதைச் சொல்லுகிறார்கள். வியாழக்கிழமை ஜானுடைய முறை. அவனுக்கு அப்போது வயது எட்டு. தரங்கம்பாடி மணலில் விதைத்தது எப்வர்த் கிராமத்து வீட்டில் முளைத்திருக்கிறது பாருங்கள்!

1738 ஆகஸ்ட் 1-ம் தேதி குழு ஹெர்ன்ஹுட் வந்து சேர்ந்தது. மேட்டுநிலத்தில் ஏறக்குறைய நூறு வீடுகள் உள்ள சின்ன ஊர். 1722 முதல் அகதிகளாய் வந்தவர்கள் கட்டினது. ஆரம்பத்தில் ஒருவரோடொருவர் சண்டை. 1727 ஆகஸ்ட் 13-ல் திருவிருந்து ஆராதனையில் ஆவியானவர் இறங்கி அவர்களை ஒன்றாக்கினார். அந்த மாதமே இரவும் பகலுமாய் மணிக்கு மணி முறை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் அறுபடவில்லை.

அங்கே வெஸ்லி என்ன செய்தார்? ஆக்ஸ்போர்டு கல்லூரி ஆசிரியர், குருப்பட்டம் பெற்றவர், கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சருடைய பிரசங்கத்தை நாலு தரம் உட்கார்ந்து கேட்டார். அவரிடமும் மற்ற சகோதரர்களிடமும் அவரவர் சாட்சியைக் கேட்டு, ஆள் பெயரோடு எழுதிக்கொண்டார். அன்பின் விருந்தில் கலந்துகொண்டார். ஒரு நாள் ஒரு குழந்தையை அடக்கம் பண்ணினார்கள். குழந்தையின் தகப்பன் ஒரு தையற்காரர். குழியைப் பார்த்தபடி நின்ற அவரிடம், உமக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டார் வெஸ்லி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இதைவிட நன்றாய் ஒருநாளும் இருந்ததில்லை என்றார் அவர். மரித்த பிள்ளையின் சரீரம் உயிர்த்தெழும்போது கர்த்தரோடு இருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் புத்தகத்திலிருந்து இதை எடுத்து வரமுடியும்? போய் நின்றவனுக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் பார்த்ததையெல்லாம் அப்படியே விழுங்கினாரா? இல்லை. ஊர் திரும்பின அந்தச் செப்டம்பரிலேயே மொராவியருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். சின்சன்டார்ஃப் பிரபுவே உங்களுக்கு எல்லாமாகிவிடவில்லையா, உங்கள் சபையை நீங்களே அளவுக்கு மீறிப் புகழவில்லையா என்றெல்லாம் கேள்விகள். எழுதிவிட்டு, அப்போது அனுப்பவில்லை; ஒருவேளை நான் தவறாய் எண்ணியிருக்கலாம் என்று நிறுத்திவைத்தார். இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். நம்மவர்கள் ஒரு வாரம் ஒரு தேசத்தில் இருந்துவிட்டு, "அங்க சபையெல்லாம் குளிர்ந்து போச்சு" என்று விமான நிலையத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 1740-ல் வெஸ்லி லண்டன் மொராவியரைவிட்டுப் பிரிந்தது உண்மை. ஆனாலும் அவர்களிடம் கற்ற அன்பின் விருந்தையும் சிறு சிறு ஐக்கியக் குழுக்களையும் கைவிடவில்லை.

இனி பவுலின் பயணத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் 20:4-ல் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. வாசிக்கும்போது நாம் தாண்டிவிடுகிற வசனம் அது. பெரோயாவிலிருந்து சோபத்தர், தெசலோனிக்கேயாவிலிருந்து அரிஸ்தர்க்கு, செக்குந்து, தெர்பையிலிருந்து காயு, கூட தீமோத்தேயு, ஆசியாவிலிருந்து தீகிக்கு, துரோப்பீம். ஏழு பேர். எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காகப் புறஜாதிச் சபைகள் சேர்த்த காணிக்கையோடு போகிற குழு இது. பணத்தைக் குறித்து யாரும் குற்றம் சொல்லாதபடி பவுல் எவ்வளவு கவனமாயிருந்தார் என்பது 2 கொரிந்தியர் 8:19-21-ல் இருக்கிறது; குழுவின் பொருளாளர் அதை மனப்பாடமே பண்ணலாம். ரோமர் 15:27-ஐ மட்டும் சற்று நின்று வாசியுங்கள். இந்தக் காணிக்கையைத் தர்மம் என்று சொல்லவில்லை, கடன் என்கிறார். எருசலேமிலிருந்து ஆவிக்குரிய நன்மையை வாங்கினவர்கள் சரீரத்துக்குரியதைக் கொடுக்கக் கடனாளிகள். கடனைத் திருப்பிக் கட்டப் போகிறவன் காலர் தூக்கிவிட்டுக்கொண்டு போகமாட்டான் இல்லையா?

ஆகையால் போக இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அந்த ஜனத்தின் பாஷையில் வாழ்த்துதலும் ஒரு கோரஸுமாவது புறப்படும் முன்னே படியுங்கள். வெஸ்லி கப்பலில் இலக்கணமே படித்தார். சுவருக்கு வெள்ளையடிக்கவென்று விமானம் ஏறவேண்டாம். அந்த ஊரிலேயே வேலையில்லாத பெயின்டர் ஒருவர் இருப்பார், அவருக்கு அந்தக் கூலி கிடைக்கட்டும். அவர்கள் வீட்டில் கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். போன இடத்தில் ஒரு சாயங்காலமாவது நம்முடைய பாட்டு, செய்தி, நாடகம் எதுவும் இல்லாமல் அவர்களையே பேசவிடுங்கள். கேமராவையும் கைபேசியையும் பையில் வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாட்சிகளை எழுதிக்கொள்ளுங்கள். இன்னார் பெயரைச் சபையில் சொல்லி ஜெபிக்கலாமா என்று அவர்களிடமே உத்தரவு கேட்டுக்கொள்ளுங்கள். சில தேசங்களில் அது அவர்களுக்கு ஆபத்தாய் முடியும். திரும்பி வந்த முதல் ஞாயிறு சாட்சி வேளையில், நீங்கள் எத்தனை கூட்டங்களில் பேசினீர்கள் என்ற கணக்கு இருக்கட்டும். அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை வாசியுங்கள்.