துரு எங்கிருந்து வந்தது, தம்பி?

கரமனை



நீ அனுப்பிய பதினொரு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்டார் டிரெக் தொடரின் ஃபேசர் துப்பாக்கி. ஏ.எம்.டி. கம்பெனி 1974-ல் ஃபேசர், கம்யூனிகேட்டர், டிரைகார்டர் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றதே, அந்த கிட்டின் மறுபதிப்பு என்று எழுதியிருந்தாய். ஒட்டின கோடு தெரியாமல் உப்புத்தாள் தேய்ப்பது, துலாவர்ஷ ஈரத்தில் லாக்கர் அடித்தால் பால் பூத்துவிடுவது எல்லாம் உனக்கே தெரியும். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். துரு.

கைப்பிடியின் அடியில், குழல் முனையில், இடுக்கு இடுக்காகச் செம்பழுப்பை அப்பியிருக்கிறாய். இருபத்துமூன்றாம் நூற்றாண்டு விண்கப்பலுக்குள் உப்புக்காற்று எப்படி நுழைந்தது? அது சங்குமுகத்துக் காற்று, தம்பி. உன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்துப் பார்த்து அதையே ஃபேசரிலும் ஏற்றிவிட்டாய்.

பழசாகக் காட்டுவதென்றால் அழுக்குப் பூசுவது என்று உன் வயதுக்காரர்கள் எல்லோருமே நம்புகிறீர்கள். சாமானை யார் எடுத்தான், எந்தக் கையால், எங்கே செருகினான் என்று யோசித்தால் பெயிண்ட் போகிற இடம் தானே தெரியும். ஃபேசரின் தலையில் உட்கார்ந்திருக்கிற சின்ன ஃபேசர் தனியே கழன்று வரும். தினம் நாலு தடவை கழற்றி மாட்டுகிறவனுக்கு அந்தப் பொருத்து விளிம்புதான் முதலில் தேயும். அங்கே நீ ஒரு கீறல்கூடப் போடவில்லை! கடையிலிருந்து இன்றைக்கு வந்தது மாதிரி இருக்கிறது.

கையை வைத்து யோசிப்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸில் லூக்கின் ஒளிவாள், கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு போட்டோ கடையில் கண்டெடுத்துக் கறுப்புப் பட்டைகள் ஒட்டினார். கைக்கென்றே செய்த சாமான், பிடித்ததும் வாளாகிவிட்டது.

ஒரு சாமானை இன்னொன்றாக்கி நானும் பார்த்திருக்கிறேன். 1963-ல் எனக்குப் பத்து வயது. வேற்றுக் கிரகத்தார் பானுமதியைப் பாட்டுக்காகத் தூக்கிப் போகிற ‘கலை அரசி’ அந்த வருஷம்தான் வந்தது. அம்மாவின் இரண்டு அலுமினிய மூடிகளை வாய்க்கு வாய் வைத்து ஒட்டிப் பறக்கும் தட்டு செய்தேன். முதுகில் நன்றாக வாங்கினேன். அதே வருஷம் நவம்பர் 21 சாயங்காலம் தும்பாவிலிருந்து நைக்கி-அப்பாச்சி ஏறியது. சோடியம் ஆவி வானத்தில் ஆரஞ்சாகப் பரவியதை மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். மூடி போன கோபத்தை மறந்து அம்மாவும் பக்கத்தில் நின்றாள்.

தும்பாவின் மக்தலேனா மரியாள் தேவாலயம்தான் அப்போது ராக்கெட் விட்டவர்களுக்கு வேலைக்கூடம். ராக்கெட்டின் மூக்குக் கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் போகிற புகைப்படத்தை நீயும் பார்த்திருப்பாய். எல்லோரும் அதில் ராக்கெட்டையும் சைக்கிளையும் பார்ப்பார்கள். என் கண் கேரியர் கம்பி கூம்பில் உரசுகிற இடத்துக்குத்தான் போகும். மாடல் செய்கிறவனுக்கு அங்கேதான் வேலை.

இவ்வளவு திட்டியாயிற்று. ஆனால் அந்தச் சின்ன ஃபேசரின் திருகு சக்கரம்! அச்சில் மழுங்கிப் போன பற்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கீறி மீட்டிருக்கிறாய். நாற்பது வருஷம் கண்காட்சிகளுக்கு மாடல் செய்து கொடுத்தவன் நான். என் கைக்கு அது வந்திருக்காது. அந்த ஒரு படத்தை மட்டும் வீட்டுக்காரியிடம் காட்டினேன். “வாட்ச் சக்கரமா?” என்று கேட்டாள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கித் துருவை மொத்தமாக எடுத்துவிடு. சக்கரத்தின் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. தை பிறந்தால் மழை விட்டிருக்கும், அப்போது வீட்டுக்குக் கொண்டு வா. கையில் பிடித்து, உன் கட்டைவிரல் எங்கே படுகிறதென்று பென்சிலால் குறித்த பிறகுதான் அடுத்த பெயிண்ட்.