யூரியா மட்டும் ஏன் ஏறியது?

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் சாப்பிட்டு வந்த என் அப்பாவுக்கு மலம் தார் போலக் கறுத்தது. வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு என்றார்கள். ரத்தத்தில் யூரியா 92, கிரியாட்டினின் 1.0. கிட்னி கெட்டுவிட்டதா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இரைப்பையில் கசிந்த ரத்தமும் குடலுக்கு உணவுதான். அதுவும் புரதம் மிகுந்த உணவு. ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இல்லாததால், உடலால் அந்தப் புரதத்தைச் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. பெரும்பகுதியைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. ரத்தம் இழந்த உடலில் சிறுநீரகத்துக்கு ஓட்டம் குறையும்போது, அது தண்ணீரோடு யூரியாவையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கிரியாட்டினினோ தசையிலிருந்து வருவது. அதனால் அது ஏறவில்லை. பெருங்குடல் கசிவில் யூரியா பெரும்பாலும் இப்படி ஏறாது. அதனால் கசிவு மேலேயா கீழேயா என்று ஊகிக்கவும் மருத்துவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதுண்டு.

கசிவு நின்று உடலில் நீர்ச்சத்து சரியானால் சில நாட்களில் யூரியா இறங்கும். சிறுநீர் குறைந்தாலோ கிரியாட்டினின் ஏறத் தொடங்கினாலோ சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். எனக்கு யூரியாவைவிட அந்த வலி மாத்திரைதான் கவலை. அது வயிறு, சிறுநீரகம் இரண்டையும் பதம் பார்க்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவரானால், அதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.