முதல் இடம் எந்தப் பாட்டுக்கு?

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய பத்துப் பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். டெத் என்ற மெட்டல் குழுவை ஒரே செமஸ்டரில் இவ்வளவு தூரம் கேட்டிருக்கிறாய் என்பதில் எனக்கு நிறைய சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியலோடு எனக்கு வழக்கு இருக்கிறது. பத்தில் எட்டுப் பாட்டு 1995இலும் 1998இலும் வந்த இரண்டே ஆல்பங்களிலிருந்து எடுத்தவை. முதலாவதைத் தவிர, கிதார் எதில் அதிவேகமாக ஓடுகிறதோ அது மேலே, நிதானமாக நகர்வதெல்லாம் கீழே. இது ஏன் மூன்றாவது, அது ஏன் ஏழாவது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு எண்ணைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம்.

பாட்டுக்கு ரேங்க் போடுவது வெட்டி வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டில் ஒன்றை மேலே வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் இரண்டையும் உன்னிப்பாகக் கேட்கிறோம். பிடித்திருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்த இடம் பிடித்தது, அங்கே யார் என்ன வாசிக்கிறார் என்று தேடப் போகிறோம். அதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன்: பாட்டு எதைப் பற்றிப் பேசுகிறதோ அதை வாத்தியங்களும் சேர்ந்து பேசுகின்றனவா? வேகமும் வித்தையும் அதற்காக உழைக்கின்றனவா, இல்லை தனியே ஓடுகின்றனவா? உன் அளவுகோல் வேறாக இருக்கட்டும். ஆனால் அதை எழுதி வைத்துக்கொள். பத்துப் பாட்டுக்கும் அதே கோல்தான்.

அடுத்தது, ஏழு ஆல்பங்களையும் வந்த வரிசையிலேயே கேள். இந்தக் குழுவுக்கு இது மிகவும் அவசியம், ஏனென்றால் டெத் என்பது கடைசிவரை ஒரே மனிதரின் வளர்ச்சிதான். சக் ஷுல்டினர் அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் அண்ணனைக் கார் விபத்தில் பறிகொடுத்தார். பிள்ளையின் துக்கம் ஆறட்டும் என்றுதான் பெற்றோர் அவர் கையில் கிதாரைக் கொடுத்தார்கள். 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' வந்தபோது அவருக்கு 20 வயது. அதில் பாட்டு, கிதார், பேஸ் மூன்றும் அவரே. டிரம்ஸ் மட்டும் கிறிஸ் ரைஃபர்ட். பாட்டெல்லாம் பேய்ப்படக் கதைகள். ஒன்றுக்கு 'ஈவில் டெட்' என்று சினிமாவின் பெயரே தலைப்பு. மூன்றே வருடத்தில், 1990இன் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்'கில், போதைக்கு அடிமையான தாய்க்குப் பிறக்கும் குழந்தையைப் பற்றிப் பாடுகிறார். பிணமும் ரத்தமும் போய், கண்ணெதிரே இருக்கும் மனிதர்கள் வந்துவிட்டார்கள். இந்த நகர்வைக் கேட்காமல் நேரே கடைசி ஆல்பத்துக்குப் போனால், அவர் எங்கிருந்து அங்கே வந்தார் என்பது உன் காதில் விழவே விழாது.

அதனால்தான் உன் பட்டியலில் இடமே பெறாத 'புல் த பிளக்' என் பட்டியலில் மூன்றாவது. 1988இன் 'லெப்ரசி' ஆல்பம். மருத்துவமனைக் கட்டிலில் இயந்திரத்தின் தயவில் உயிரோடு கிடப்பவன், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். பில் ஆண்ட்ரூஸின் டிரம்ஸ் மிக எளிமையானது. பின்னால் வந்த மேதைகளோடு வைத்துப் பார்த்தால் சாதாரணம் என்றே சொல்லலாம். ஆனால் விடாமல் ஒரே மாதிரி விழும் அந்த அடிதான் இந்தப் பாட்டுக்கு வேண்டியிருக்கிறது. அந்த மனிதனால் அசைய முடியாது, இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஜாஸ் வித்தை காட்டியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

இப்போது முதல் இடம். 1991இன் 'ஹ்யூமன்' ஆல்பத்தில் உள்ள 'லேக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்'. நீ ஒன்பதாவதாக வைத்திருக்கிறாய்.

அந்த ஆல்பத்தின் பின்னணியைத் தெரிந்துகொள். 1990இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு வர சக் மறுத்துவிட, குழுவில் இருந்தவர்கள் அவர் இல்லாமலேயே வேறு பாடகரை வைத்துப் போய் வந்தார்கள். தன் குழு தன்னை விட்டுவிட்டு மேடை ஏறியதைப் பார்த்தபின், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஏற்ற ஆட்களைத் தானே தேர்ந்தெடுப்பது என்று அவர் முடிவெடுத்தார். அப்படி வந்தவர்கள்தான் சைனிக் குழுவின் பால் மாஸ்விடலும் ஷான் ரைனர்ட்டும். இருவருக்கும் அப்போது 20 வயது, உன் வயதுதான். பேஸுக்கு சேடஸ் குழுவின் ஸ்டீவ் டிஜியார்ஜியோ. டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு. எட்டே பாட்டு, மொத்தம் 34 நிமிடம்.

இந்தப் பாட்டை நான்கு முறை கேட்கச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒருவரை மட்டும். முதல் முறை ரைனர்ட்டின் டிரம்ஸ். தொடக்கத்தில் டிஸ்டார்ஷன் இல்லாத கிதார் மெல்ல நடக்கும்போது அவர் சிம்பலையும் டிரம்மையும் எவ்வளவு அடக்கமாகத் தொடுகிறார் என்று பார். அடுத்து இடி விழுந்த மாதிரி மொத்தக் குழுவும் உள்ளே வருகிறது. கால் டபுள் பேஸில் ஓடும்போதும் கை சும்மா தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இரண்டாம் முறை பேஸ். 1991 பதிவில் பேஸ் கிதாருக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. 2011இல் ஜிம் மோரிஸ் மறுபடி மிக்ஸ் செய்த பதிப்பைப் போட்டுக் கேள். டிஜியார்ஜியோ அத்தனை நாளும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரியும். இரண்டு மிக்ஸையும் கேட்காமல் 'ஹ்யூமன்' பாட்டு எதற்கும் எண் போடாதே. மூன்றாம் முறை இரண்டு கிதார்கள். நான்காம் முறை, பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, குரல் மட்டும்.

அந்த வரிகள் எதைப் பற்றி? வீட்டில் ஒரு பிள்ளைக்கு விபரீதம் நடக்கிறது. பெரியவர்கள் தங்கள் பங்கைப் பார்க்காமல், அவன் கேட்ட பாட்டுதான் காரணம் என்று விரல் நீட்டுகிறார்கள். இப்போது அந்த அமைதியான தொடக்கத்தை மறுபடி போடு. வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லாத வீடு. உள்ளே என்ன நடக்கிறது என்பது அடுத்த நொடியில் தெரிகிறது. மூன்றே முக்கால் நிமிடம்கூட நிறையாத பாட்டில் தேவையில்லாத அடி ஒன்றுகூட இல்லை. எடுத்துப் பார், ஏதாவது ஒரு பகுதியை நீக்கினால் பாட்டு நிற்குமா என்று. நிற்காது.

உன் அம்மாவுக்கு இந்தக் குழுவின் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அக்காவிடம் இந்தப் பாட்டின் வரிகளைத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக் காட்டு. குரலைப் பிறகு கேட்கட்டும்.

இரண்டாவது இடம் 1995இன் 'சிம்பாலிக்'கிலிருந்து 'கிரிஸ்டல் மவுண்டன்'. இதில் நாம் ஒத்துப்போகிறோம். தன் நம்பிக்கையை உச்சியில் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கீழே பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களைப் பற்றிய பாட்டு. ஜீன் ஹோக்லனின் டிரம்ஸுக்காக நீ வைத்திருப்பாய் என்று ஊகிக்கிறேன். நான் வைப்பது முடிவுக்காக. அத்தனை கோபத்துக்கும் பிறகு ஓர் அக்கூஸ்டிக் கிதார் வருகிறது, பாட்டு அதன் கையில்தான் முடிகிறது.

நான்காவது 'ஃப்ளெஷ் அண்ட் த பவர் இட் ஹோல்ட்ஸ்', ஐந்தாவது 'த ஃபிலாசஃபர்'. நான்காவது எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. ஐந்தாவதை டிஜியார்ஜியோவின் ஃப்ரெட்லெஸ் பேஸ் கரைந்து போகும் அந்தக் கடைசி நொடிகளுக்காகவே வைத்தேன். ஆறிலிருந்து பத்துவரை நான் சொல்லப் போவதில்லை, நீயே போடு.

இரண்டு விஷயம் மட்டும் கட்டாயம் திருத்து. நான்காவதாக 'பெயின்கில்லர்' வைத்திருக்கிறாய். அது ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1990இல் போட்ட பாட்டு. டெத் அதை மறுபடி வாசித்திருக்கிறது, அபாரமாக வாசித்திருக்கிறது. ஆனால் இவர்கள் இயற்றிய பாட்டுகளின் வரிசையில் அதற்கு இடமில்லை. எடுத்துவிடு.

இன்னொன்று 'வாய்ஸ் ஆஃப் த சோல்'. பாட்டு வரி இல்லை, டிரம்ஸ் இல்லை, கிதார்கள் மட்டும். அதை முதலாவதாக வைத்து, சாவு நெருங்குவதை உணர்ந்தவரின் இசை என்று எழுதியிருக்கிறாய். பட்டியலில் நீ காரணம் என்று எழுதியதே இது ஒன்றுதான், இதுவும் தவறு. அது இடம்பெற்ற ஆல்பம் வந்தது 1998இல். சக்குக்கு மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரிந்தது 1999 மே மாதம், அவருடைய 32ஆவது பிறந்தநாளில். 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில் இறந்தார். சிகிச்சைச் செலவுக்கு மெட்டல் ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் பணம் திரட்டிய கதையை வாசித்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் பின்னால் நடந்ததை முன்னால் வந்த இசையின் மேல் ஏற்றக்கூடாது. அது, உடம்பு நன்றாக இருந்த ஒருவர், தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு கிதாருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது பிறந்த இசை. அப்படிக் கேட்டாலும் அழகாகத்தான் இருக்கிறது. வரியுள்ள பாட்டுகளோடு அதைப் போட்டிக்கு நிறுத்தாதே. 'ஹ்யூமன்' ஆல்பத்தின் வரியில்லாத 'காஸ்மிக் சீ'யோடு சேர்த்துத் தனி வரிசையாக எழுது.

ஏழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்டு முடித்ததும் புதுப் பட்டியலை அனுப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் காரணம் ஒரு வரி, இடம் மாறிய பாட்டுக்கு இரண்டு வரி. 'லேக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' அப்போதும் ஒன்பதாவதுதான் என்றால் அப்படியே இருக்கட்டும், ஆனால் காரணம் வலுவாக இருக்க வேண்டும். நடுவில் மாஸ்விடலும் ரைனர்ட்டும் 1993இல் தங்கள் சைனிக் குழுவில் போட்ட 'ஃபோகஸ்' ஆல்பத்தையும், சக் தன் கண்ட்ரோல் டினைட் குழுவில் 1999இல் வேறு பாடகரை வைத்துச் செய்த ஆல்பத்தையும் கேட்டுவிடு. தீபாவளிக்கு நீ ஊருக்கு வரும்போது ஆறாவது இடத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா