எந்தக் கோலால் அளந்தார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

காவிரிப் படுகையில் 13-ஆம் நூற்றாண்டு நில விற்பனைகள் பற்றிய உன் கட்டுரையை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். காலையில் பென்சிலோடு மறுபடி உட்கார்ந்தேன். நடை, உழைப்பு பற்றியெல்லாம் உன் நெறியாளர் சொல்லியிருப்பார். என்னை உறுத்துவது இரண்டாம் அட்டவணை.

விற்ற நிலம் முழுவதையும் ஹெக்டேரில் கொடுத்திருக்கிறாய், அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு. எந்தக் கோலால் அளந்த நிலம் அது? பன்னிரு சாண் கோலா, பதினாறு சாண் கோலா? ஒரு கோல் சதுரம்தான் ஒரு குழி என்பதால், ஒன்றின் குழிக்கும் மற்றதன் குழிக்கும் 9-க்கு 16 என்ற வித்தியாசம். ஓர் ஊரில் ஒரு மா நிலத்துக்கு 100 குழி, இன்னோர் ஊரில் 256. இவற்றை ஒரே பத்தியில் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்கு எந்த ஊரிலும் வயல் கிடையாது. விலையும் அப்படித்தான். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வட்டிக் கணக்கை வைத்தே ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்று தேறும். அந்தக் காசையும், இருநூறு ஆண்டு கழித்து நிலத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த காசையும் நீ ஒரே காசாக வைத்திருக்கிறாய்.

கிழவன் கோலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று நினைக்காதே. கோலைச் சுருக்கினால் அதே வயலில் குழி கூடும். குழிக்கு இவ்வளவு என்று வரி இருந்தால் அதுவும் கூடும். எந்தக் கோல் செல்லும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைவிடப் பெரிய கேள்வி நம் துறையில் எனக்குத் தெரியவில்லை.

மாணவனாக இருந்தபோது ஆசிரியரோடு கல்வெட்டுகளை மைப்படி எடுக்க ஊர் ஊராகப் போவேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டித் தோள் இற்றுப்போகும். ஒரு சிற்றூர்க் கோயிலில் குருக்கள் தேங்காய் நாரால் அதிட்டானத்துச் சுண்ணாம்பைத் தேய்த்துக் காட்டினார்: இரண்டு வெட்டுக்குறிகள், அவற்றுக்கு நடுவே கோலின் பெயர். ஆசிரியர் கயிறு பிடித்து அளந்தார், பிறகு என்னை அளக்கச் சொன்னார். பின்னாளில் திருப்பணி என்று சுவருக்கு மணல் வீச்சு அடித்து அந்தக் குறிகளைப் போக்கிவிட்டார்கள். ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது உன் பிற்சேர்க்கை. 'எல்லைகள் சுருக்கம் கருதி விடப்பட்டன' என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமே வந்தது. இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாம் கண்ணாறு, எத்தனையாம் சதிரம், பக்கத்து நிலம் யாருடையது என்று கல் நமக்குச் சொல்வதெல்லாம் அங்கேதானே இருக்கிறது? அதை வெட்டிவிட்டு முன்னுரையில் பர்ட்டன் ஸ்டெயினின் 'கூறாக்க அரசு' என்ற கோட்பாட்டுக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறாய். ஸ்டெயின் 1980-இல் எழுதினார். அன்றுமுதல் அவரை மறுத்தும் ஏற்றும் எழுதித் தீர்த்தாயிற்று. அதற்கு மாறாக, நொபொரு கராஷிமா 1966-இல் எடுத்துக்கொண்டது திருச்சிப் பக்கம் இரண்டே ஊர்கள், அல்லூரும் ஈசானமங்கலமும். பிராமணர்களுக்கு விட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் நிலம் விற்கிறார்கள். அல்லூரில் ஊராரே சேர்ந்து விற்கிறார்கள். நிலவுடைமை பற்றிய நம் பேச்சையே அந்தச் சிறு ஒப்பீடு திருப்பிவிட்டது. பின்னர் அவரும் சுப்பராயலுவும் மட்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அடைவாக்கி 1978-இல் மூன்று தொகுதிகளாகத் தந்தார்கள். உன் மேசையில் அது இருக்கிறது என்பது 31-ஆம் அடிக்குறிப்பைப் பார்த்ததும் தெரிந்தது.

அந்த அடிக்குறிப்புக்காகவே இந்தக் கடிதம். ஒரு கல்வெட்டில் நிலம் விற்றவன் இன்னொன்றில் மேற்கெல்லைக்காரனாக நிற்பதைக் கண்டுபிடித்திருக்கிறாய். விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகவில்லை, மிச்சத்தை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறான்! விற்றவர்கள் எல்லாரும் நொடித்துப்போனவர்கள் என்று நாம் கூசாமல் எழுதிவந்தோமே, அதை ஒரே வரியில் ஆட்டிவிட்டாய். அபாரம், தம்பி. இப்படியொன்றைப் படித்து வெகுகாலமாயிற்று. அதைப் பொடி எழுத்தில் பக்கத்தின் அடியில் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துவிடு, அங்கே இவனைக் கொண்டுவந்து நிறுத்து. எல்லைகளை முழுமையாகச் சேர்த்து, இவனைப்போல் இன்னும் யாராவது அகப்படுகிறார்களா என்று தேடு. கோலின் பெயர் வரும் கல்வெட்டுகளைத் தனியாகவும் வராதவற்றைத் தனியாகவும் அட்டவணை போடு. குழியைக் குழியாகவே விடு. அச்சுப் பாடத்தில் எல்லைப் பகுதி சிதைந்திருந்தால் மைப்படியைப் பார், அதுவும் போதாவிட்டால் கல்லிடமே போ. திருத்திய படி வந்ததும் எனக்கு அனுப்பு. வேறு வேலையை ஒதுக்கிவிட்டுப் படிக்கிறேன்.

அன்புடன்,
உன் மூத்த தோழன்