காலம் காட்டும் கண்

*நுழையும்முன்*

ஒரு நிகழ்வு எவ்வாறு நடந்தது என்பதோடு எப்போது நடந்தது என்பதும் தெளிவானால்தான் காட்சி சான்றாகும்.

சென்னைக்கு வடக்கே, 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைந்த ஊர் வள்ளூர். துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த அப்பகுதியில் இரவிலும் சரக்குந்துகளின் போக்குவரத்து ஓய்வதில்லை. அங்குள்ள ஒரு கிடங்கின் வாயிலில் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்படுவதாகக் கொள்வோம்.

*நேரம்*

கேமராவின் கடிகாரத்தை இணையவழி நேரச் சேவையகத்தோடு இணைத்து, இந்தியாவுக்குரிய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. இதனை அமைக்கத் தவறினால், அதிகாலை 2 மணிக்கு நிகழ்ந்த திருட்டு முந்தைய இரவு 8.30 மணிக்கு நிகழ்ந்ததாகப் பதிவாகும். அவ்வேளையில் பணியிலிருந்த குற்றமற்ற காவலாளி மீது ஐயம் விழும்.

*எச்சரிக்கை*

அசைவைக் கண்டதும் கேமரா கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். சாலையும் பார்வை எல்லைக்குள் இருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் செய்தி வரும். ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தார். ஆதலின், வாயிற்பகுதியை மட்டும் எல்லையாக வரையறுத்தல் நன்று.

*பதிவேற்றம்*

திருடர் கேமராவையே கவர்ந்து சென்றால் அதனுள் இருக்கும் நினைவக அட்டையும் போய்விடும். எனவே, எச்சரிக்கை எழுந்த கணத்தின் காட்சிகள் தொலைவிலுள்ள சேவையகத்தில் உடனே பதிவேறுமாறு அமைத்தல் வேண்டும். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுதலும் இன்றியமையாதது.

*தெரிந்து தெளிவோம்*

1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரமே, பின்னாளில் இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாயிற்று. 1906இல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சீர்நேரத்தைவிட அஃது ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது.